31-வது க்ரெடிட்

அமெரிக்காவில் வளிமண்டல அறிவியல் மாஸ்டர்ஸ் முடித்த என் மதிப்பெண் சான்றிதழின் கடைசி வரியில் மொத்தம் 31 க்ரெடிட் (பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளிகள்) என்று இருக்கிறது. பட்டத்துக்குக் கேட்டது 30. மிச்சமிருக்கும் அந்த ஒன்று ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை, கொஞ்சம் வெட்கம்தான் காரணம்.

போன வாரம் சித்தி பையனிடமிருந்து மெசேஜ். இயற்பியல் இளங்கலை முடிக்கப் போகிறான். "அக்கா, அமெரிக்காவுல அட்மாஸ்ஃபியரிக் சயின்ஸ் மாஸ்டர்ஸ் பண்ண என்னென்ன வேணும்? லிஸ்ட் மாதிரி அனுப்புக்கா." லிஸ்ட்டெல்லாம் துறையின் கையேட்டிலேயே இருக்கிறதுடா என்று பதில் போட்டுவிட்டு, அந்தக் கையேட்டைத் தேடி எடுத்தேன். ரெண்டு வருஷம் என்னை ஆட்டிவைத்த விஷயமெல்லாம் அதில் நாலு பக்கம்தான். நான் பட்ட பாடு எதுவும் அந்த நாலு பக்கத்தில் இல்லை. அதனால் அவனுக்கு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உள்ளே போவது. மழை பிடிக்கும், மேகம் பார்க்கப் பிடிக்கும் என்பதை விண்ணப்பக் கட்டுரையில் எழுதாதவர்கள் குறைவு. அதை வைத்து யாரும் சேர்ப்பதில்லை. அவர்கள் தேடுவது கால்குலஸ், அதிலும் வெக்டர் கால்குலஸ்வரை, வகைக்கெழுச் சமன்பாடுகள், கால்குலஸ் போட்டு நடத்திய இயற்பியல், ஏதாவது ஒரு மொழியில் நிரல் எழுதிய பழக்கம். வானிலை பற்றி ஒரு பாடம்கூடப் படிக்காமல் இயற்பியல், கணிதம், பொறியியல் படித்துவிட்டு வருபவர்கள் ஏராளம். நானே மெக்கானிக்கல். குறையும் பாடங்களைச் சேர்ந்த பிறகு எடுக்கச் சொல்வார்கள். பல இடங்களில் அவை 30-இல் சேராது என்பதைக் கையேட்டில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ஜிஆர்இ என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை 2020-க்குப் பிறகு நிறையத் துறைகள் கேட்பதையே விட்டுவிட்டன. ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதைவிட முக்கியமான ஒன்று. தீசிஸ், அதாவது ஆய்வேடு, எழுதும் மாஸ்டர்ஸ் என்றால், நீங்கள் சேர்வது ஒரு பல்கலைக்கழகத்தில் என்பதைவிட ஒரு பேராசிரியரிடம் என்பதுதான் சரி. அவர் கையில் ஆராய்ச்சி நிதி இருந்தால் வாரத்துக்கு 20 மணி நேர வேலை, மாதச் சம்பளம், கல்விக் கட்டணத் தள்ளுபடி என்று பல இடங்களில் கிடைக்கும். நிதி இல்லையென்றால் உங்கள் மதிப்பெண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் 'மன்னிக்கவும்' என்றுதான் கடிதம் வரும். அந்த வருஷம் அவருடைய திட்டத்துக்குப் பணம் வந்ததா என்பது உங்கள் கையில் இல்லை. அதனால் விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும். நான் பதினோரு பேருக்கு எழுதினேன். நாலு பதில் வந்தது. அதில் ஒருவர், "உன்னுடைய திரவ இயக்கவியல் பாடத்தில் பிடித்த சமன்பாடு எது, ஏன்?" என்று கேட்டிருந்தார். அவரிடம்தான் சேர்ந்தேன்.

இனி அந்த 30. எங்கள் துறையில் நாலு கட்டாயப் பாடம், ஒன்றுக்கு 3 வீதம் 12. விருப்பப் பாடம் மூன்று, 9. செமினார் ஒரு செமஸ்டருக்கு 1 என்று மூன்று. தீசிஸ் 6. கூட்டினால் 30. இடத்துக்கு இடம் பங்கீடு மாறும். ஆனால் 30-ஐ ஒட்டித்தான் பெரும்பாலான அமெரிக்கத் துறைகள் நிற்கின்றன. தீசிஸ் வேண்டாம் என்றால் அதற்குப் பதில் கூடுதல் பாடங்களும், ஒரு ப்ராஜெக்டோ, படித்த எல்லாவற்றிலிருந்தும் கேட்கும் ஒரு தேர்வோ இருக்கும். சராசரி 4-க்கு 3.0-க்குக் கீழே, அதாவது பி கிரேடுக்குக் கீழே, போகக் கூடாது. பள்ளியில் எப்போதும் முதல் மூன்று ரேங்குக்குள் வந்தவர்களுக்கு 'வெறும் பி தானே' என்று தோன்றும். முதல் செமஸ்டரில், காற்றின் இயக்கத்தைச் சொல்லித்தரும் டைனமிக்ஸ் பாடத்தின் இடைப்பருவத் தேர்வு முடிந்ததும் அந்தத் தோற்றம் கலைந்துவிடும்.

டைனமிக்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். மெக்கானிக்கல் படித்த எனக்கு, நீரும் காற்றும் ஓடுவதை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் புதிதில்லை. குழாய்க்குள் ஓடும் தண்ணீர் அழுத்தம் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குப் போகும். அதில் என்ன இருக்கிறது? வளிமண்டலத்தில் பூமி சுழல்கிறது, அதனால் காற்று அழுத்தக் குறைவை நோக்கி நேராகப் போகாமல், சமஅழுத்தக் கோடுகளுக்கு இணையாகப் பக்கவாட்டில் ஓடுகிறது. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும். ரெண்டு வாரம் சமன்பாடாக மட்டும் அது தலையில் இருந்தது. பிறகு ஒரு நாள் ஆய்வகத்தில் வரைபடத்தைக் கொடுத்து, பென்சிலால் கையாலேயே சமஅழுத்தக் கோடு வரையச் சொன்னார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சின்ன வட்டம், அதிலிருந்து காற்று வரும் திசையில் ஒரு கோடு, கோட்டின் நுனியில் வேகத்துக்கு ஏற்பச் சிறகுகள், பக்கத்தில் அழுத்தத்தின் கடைசி மூன்று இலக்கம். 1012.4 என்றால் 124 என்று மட்டும் போட்டிருக்கும். அழுத்தத்தின் அலகு ஹெக்டோபாஸ்கல், 4 ஹெக்டோபாஸ்கலுக்கு ஒரு கோடு. முதலில் எண்களை மட்டும் பார்த்து வரைந்தேன், கோடு நெளிந்து நெளிந்து கோழி கிளறிய மாதிரி வந்தது. பக்கத்து மேசைக்காரன் என் தாளைப் பார்த்துவிட்டு, "காற்றையும் பாரேன், அது உனக்குக் கோட்டை வரைந்து காட்டுகிறதே" என்றான். அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். சிறகுக் கோடுகளை ஒட்டியே பென்சில் போனது. தரைக்கு அருகில் உராய்வினால் காற்று கொஞ்சம் தாழ்வு மையப் பக்கம் சாய்ந்திருக்கும், அதுவும் அப்படியே தெரிந்தது. ரெண்டு வாரச் சமன்பாடு ஒரு அரை மணி நேரத்தில் கைக்கு வந்தது.

வெப்ப இயக்கவியல் அவ்வளவு படுத்தவில்லை. உலர்ந்த காற்று மேலே போகப் போக ஒரு கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும் என்பது, ஈர்ப்பு முடுக்கத்தைக் காற்றின் வெப்ப ஏற்புத் திறனால் வகுத்தால் வந்துவிடும். அது வந்த அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சம் அளவுக்கு மீறியதுதான். கதிர்வீச்சுப் பாடத்தில் முதல் வீட்டுப்பாடமே, பூமிக்கு வளிமண்டலம் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வேலையைச் செய்யாவிட்டால் எவ்வளவு குளிராக இருக்கும் என்பது. 255 கெல்வின், அதாவது சுமார் -18 டிகிரி செல்சியஸ் வரும். உண்மையில் தரையின் சராசரி 288 சுமார். அந்த 33-ஐ விளக்கத்தான் மிச்ச செமஸ்டர்.

மேக இயற்பியலில் என்னைப் பிடித்து நிறுத்தியது கோலர் வளைகோடு, ஒரு துளி நிலைக்க எவ்வளவு ஈரப்பதம் வேண்டும் என்று காட்டும் கோடு. ஸ்வீடன்காரர் ஹில்டிங் கோலரின் பெயர் அதற்கு. சுத்தமான நீராவியை அப்படியே விட்டால் துளி உருவாகாது. சின்னத் துளியின் மேற்பரப்பு அவ்வளவு வளைந்திருப்பதால் நீர் தப்பித்துக்கொண்டே இருக்கும், ஈரப்பதம் பல நூறு சதவீதம் இருந்தால்தான் தாக்குப்பிடிக்கும். அப்படியொரு ஈரப்பதம் நம் வானத்தில் கிடையாது. கடல் உப்பு, தூசு, புகை என்று ஏதாவது ஒரு துகள் உள்ளே இருந்தால், 100-க்கு மேல் ஒரு சதவீதம்கூட வேண்டாம், துளி பிழைத்துக்கொள்ளும். அப்படிப் பிழைத்த துளியின் ஆரம் சுமார் 10 மைக்ரான், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. மழைத்துளிக்கு 1 மில்லிமீட்டர். ஆரம் நூறு மடங்கு என்றால் கன அளவு பத்து லட்சம் மடங்கு, அதாவது பத்து லட்சம் மேகத்துளி சேர்ந்தால் ஒரு மழைத்துளி. தம்பி, மேகம் பார்க்கப் பிடிக்கும் என்று கட்டுரையில் எழுதித்தான் ஆவேன் என்றால் இதை எழுது.

விருப்பப் பாடமாக நான் எடுத்தவை புள்ளியியல், எண்முறை வானிலைக் கணிப்பு, வெப்பமண்டல வானிலை. ரெண்டாவது, சமன்பாடுகளை எண்களாகத் தீர்த்து நாளைய வானிலையைச் சொல்வது; அதில் பிரிட்டிஷ் விஞ்ஞானி லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் கதை வரும். 1910 மே 20-ஆம் தேதியின் அளவீடுகளை வைத்துக்கொண்டு, கையாலேயே கணக்குப் போட்டு வானிலையைக் கணிக்கப் பார்த்தார். ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்று வந்தது. உண்மையில் அன்றைக்கு அங்கே அழுத்தம் கிட்டத்தட்ட அசையவேயில்லை. அந்தத் தோல்வியை மறைக்காமல் 1922-இல் அப்படியே வெளியிட்டார். முறை சரி, ஆரம்பத் தரவில் காற்றும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பது பிற்பாடு தெளிவானது. 1950-இல் வானிலை விஞ்ஞானி சார்னியின் குழு, எனியாக் என்ற ஆரம்பகாலக் கணினியில் 24 மணி நேரக் கணிப்பு ஒன்றை ஓட்டியபோது, கணிக்கவும் சுமார் 24 மணி நேரம் பிடித்தது. வகுப்பில் இதைக் கேட்டுச் சிரித்தேன். எட்டு மாதம் கழித்து என் கதை வந்தது.

செமினார் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாரம் ஒருமுறை யாராவது பேசுவார்கள், நீங்களும் ஒருமுறை பேச வேண்டும்.

தீசிஸ். ரெண்டாவது செமஸ்டர் முடியும் முன், அதைச் சோதிக்கும் பேராசிரியர்களின் கமிட்டி அமைக்க வேண்டும். குறைந்தது மூன்று பேர், அதில் ஒருவர் உங்கள் வழிகாட்டி. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். இந்த இடத்தில் எல்லோரும் கமிட்டியை நல்லவர்களாகப் பார்த்து அமைக்கச் சொல்வார்கள். நான் சொல்வேன், ஒரு ஆளாவது உங்களோடு ஒத்துப்போகாதவராக இருக்கட்டும். எனக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். அவர் பெரிதாகப் பேச மாட்டார். படத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

என் தலைப்பு, வெப்பமண்டலக் கடல்களில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்களின் அமைப்பு. ஈரா5 என்ற மறுபகுப்பாய்வுத் தரவு இருக்கிறது, பழைய அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்துத் தயாரித்தது. உலகம் முழுக்க மணிக்கு மணி வளிமண்டலத்தின் நிலை, 0.25 டிகிரி கட்டங்களாக. அதாவது பூமத்திய ரேகைக்கு அருகில் ஒரு கட்டம் சுமார் 28 கிலோமீட்டர். அதிலிருந்து அறுபத்துச் சொச்சம் தாழ்வு மண்டலங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் மையத்தையும் ஒரே புள்ளியில் வைத்து, எல்லாவற்றையும் சராசரியெடுத்துப் பார்ப்பது. பார்க்க வேண்டிய முக்கியமான அளவு வோர்டிசிட்டி, காற்று அந்த இடத்தில் எவ்வளவு சுழல்கிறது என்பது. அது ஈரா5-இலேயே தயாராகக் கிடைக்கும். ஆனால் நானே காற்றிலிருந்து கணக்கிடுவேன் என்று ஒரு வீம்பு. வடக்கு-தெற்கு காற்று கிழக்கே போகப் போக எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து, கிழக்கு-மேற்கு காற்று வடக்கே போகப் போக எவ்வளவு மாறுகிறது என்பதைக் கழிக்க வேண்டும். பைதான் என்ற நிரல் மொழியில் நாலு வரி.

சராசரிப் படம் வந்தது. நட்ட நடுவில் கிட்டத்தட்ட சுழியம். அதைச் சுற்றி நாலு இதழ். வடக்கிலும் தெற்கிலும் சிவப்பு (இடஞ்சுழி), கிழக்கிலும் மேற்கிலும் நீலம் (வலஞ்சுழி). அழகாக இருந்தது. மையத்தில்தான் சுழற்சி அதிகம் இருக்கும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறதே என்று ஒரு நாள் குழம்பினேன், ஒரே ஒரு நாள்தான். ரெண்டாம் நாள் அதற்கு விளக்கம் தேட ஆரம்பித்துவிட்டேன். சூழலில் உள்ள காற்று வேறுபாடு, மேகக் கூட்டங்களின் ஒழுங்கு, அது இது என்று பதினெட்டுப் பக்கம் எழுதினேன். நாலு இதழுக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன். வழிகாட்டி அந்தச் சமயத்தில் வேறு ஊரில் களப்பணியில் இருந்தார். வீடியோவில் பார்த்து, சுவாரசியமாக இருக்கிறது, மேலே பார் என்றார்.

பிப்ரவரியில் கமிட்டிக் கூட்டம். ஏப்ரலில் டிஃபன்ஸ், அதாவது தீசிஸுக்கான வாய்மொழித் தேர்வு, வைத்துக்கொள்ளலாமா என்று முடிவுசெய்ய. அந்த அமைதியான மனிதர் படத்தைப் பார்த்தார். பிறகு தென் அரைக்கோளத்துத் தாழ்வு மண்டலங்களுக்கு மட்டும் தனியாக எடுத்த படம் இருக்கிறதா என்றார். இருந்தது, காட்டினேன். அங்கே எதிர்ப்புறமாகச் சுழலும், அதனால் நிறங்கள் இடம் மாறியிருந்தன. இதழ்கள் நிற்கும் திசை மட்டும் அப்படியே. "வேறு கடல், வேறு அரைக்கோளம், வேறு சூழல் காற்று. இதழ் மட்டும் எப்போதும் சரியாக வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. இயற்கைக்கு உன் கட்டக் கோடுகள் எப்படித் தெரிந்தது?" என்றார்.

கூட்டம் முடிந்து அறைக்கு வந்து, ஈரா5-இல் தயாராக இருந்த வோர்டிசிட்டியை இறக்கிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். நடுவில் பளிச்சென்று ஒரே சிவப்பு வட்டம். இதழுமில்லை, ஒன்றுமில்லை.

ஈரா5 கோப்பில் அட்சரேகை 90-இல் ஆரம்பித்து -90-இல் முடிகிறது. வடக்கிலிருந்து தெற்காக. நான் அடுத்த வரிசை என்றால் வடக்கே 28 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அது தெற்கே. ஒரு கழித்தல் குறி விட்டுப்போனதில் கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டேன். ஒரு தட்டு மாதிரி சீராகச் சுழலும் காற்றில் அந்த ரெண்டு பாகமும் அளவில் சமம், குறியில் எதிர். கழித்தால் ரெண்டு மடங்காகும், கூட்டினால் சுழியமாகும். நான் இத்தனை மாதமாக ரசித்துக்கொண்டிருந்தது காற்றின் சுழற்சியை அல்ல, காற்று இழுபட்டு உருமாறும் அளவை. பதினெட்டுப் பக்கம். ரிச்சர்ட்சன் வகுப்பில் சிரித்தது ஞாபகம் வந்தது.

திருத்தம் ஒரு எழுத்து. மறு வேலை மூன்று மாதம், ஏனென்றால் வோர்டிசிட்டியிலிருந்து கணக்கிட்ட எல்லாமே அதோடு போயிற்று. புதுப் படங்களில் புதுமையாக ஒன்றுமில்லை என்று முதலில் நொந்துபோனேன். பிறகு மத்திய அடுக்குகளில் மையம் எந்தப் பக்கம் சாய்கிறது, ஈரப்பதம் எங்கே குவிகிறது என்று பார்த்ததில் சின்னதாக ஒன்று கிடைத்தது. மாஸ்டர்ஸுக்கு அது போதும். உலகத்தைப் புரட்ட வேண்டும் என்று கையேட்டில் எங்கும் இல்லை.

ஏப்ரல் டிஃபன்ஸ் ஜூலைக்குப் போனது. அப்போதுதான் கையேட்டின் மூன்றாம் பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தேன். பட்டம் வாங்கும் செமஸ்டரில் குறைந்தது ஒரு க்ரெடிட்டாவது பதிவுசெய்திருக்க வேண்டும். என் தீசிஸ் 6 ஏற்கெனவே தீர்ந்துவிட்டிருந்தது. அப்படி வந்ததுதான் 31-வது. இன்னொன்றும் சொல்கிறேன், இதில் தடுக்கி விழுந்தவர்கள் நிறைய: எல்லாம் முடித்துவிட்டால் பட்டம் தானாக வராது. 'பட்டத்துக்கு விண்ணப்பம்' என்று தனியாக ஒன்றைப் போட வேண்டும், அதுவும் செமஸ்டர் ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே. நான் தேதி தாண்டி ரெண்டு நாள் கழித்துப் போய் நின்றேன். கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

டிஃபன்ஸ் நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. முதல் பாதிக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், முக்கால் மணி நேரம் பேச வேண்டும். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கமிட்டி மட்டும் கேள்வி கேட்கும். அந்த அமைதியான மனிதர் கேட்ட முதல் கேள்வி, "உன் அட்சரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது?" எல்லோரும் சிரித்தார்கள். நான் பதிலை ஸ்லைடாகவே வைத்திருந்தேன். மூன்று கையெழுத்தும் அன்றே கிடைத்தது. அதன் பிறகு பத்து நாள் பக்க ஓரம் ஒரு அங்குலம் இருக்கிறதா, படத் தலைப்புகள் ஒரே மாதிரி இருக்கிறதா என்று தீசிஸ் அலுவலகத்தோடு மல்லுக்கட்டினேன். அந்தப் பத்து நாளை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

தம்பிக்குக் கடைசியாக ஒன்று எழுதினேன். பட்டத்துக்கான தேவை வேறு, வேலைக்கான தேவை வேறு. அமெரிக்க அரசின் வானிலையாளர் பணிக்கென்று தனி வரையறை இருக்கிறது. வானிலைப் பாடங்களில் 24 செமஸ்டர் மணி, அதாவது க்ரெடிட். அதில் டைனமிக்ஸும் வெப்ப இயக்கவியலும் சேர்த்து 6, வானிலை அமைப்புகளின் பகுப்பாய்வும் கணிப்பும் 6, இயற்பியல் வானிலை 3, தொலையுணர்வோ கருவியியலோ 2. இளங்கலையில் வானிலை படிக்காமல் மாஸ்டர்ஸுக்கு வருபவர்கள் பட்டத்தை வாங்கிவிட்டு இதில் ரெண்டு மணி குறைகிறதே என்று நிற்பதுண்டு. அந்த வேலைக்குக் குடியுரிமையும் கேட்பார்கள் என்பதால் உனக்கும் எனக்கும் உடனே பயன்படாது. ஆனாலும் விருப்பப் பாடம் எடுக்கும்போது அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள். ஒரு வானிலையாளருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அதைவிடச் சுருக்கமாக எழுதிய தாளை நான் பார்த்ததில்லை.

நேற்று பதில் வந்தது. இவ்வளவும் படித்துவிட்டு ஒரே வரி. "அக்கா, கடைசி செமஸ்டர்ல ஒரு பேப்பர் காலி இருக்கு. லீனியர் அல்ஜீப்ராவா, பைதானா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்."

லீனியர் அல்ஜீப்ரா எடு, பைதானை லீவில் நான் சொல்லித் தருகிறேன் என்று போட்டேன். முதல் வகுப்பில் ஒரு ஈரா5 கோப்பைத் திறந்து, அட்சரேகையின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் அச்சிடச் சொல்வதாக இருக்கிறேன்.